சிட்சையில் பழகுவது

ஒரு வீட்டில் வேலை போய்விட்டது, அல்லது ஸ்கேன் ரிப்போர்ட்டில் கெட்ட செய்தி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சபையிலிருந்து பார்க்க வருகிறவர்களின் பேச்சு பெரும்பாலும் இரண்டு வகையாகத்தான் இருக்கும். "ஆண்டவர் எதையோ உணர்த்துறார், உங்களை ஆராய்ஞ்சு பாருங்க" என்பார் ஒருவர். "இது சத்துருவோட வேலை, உபவாசம் இருந்து ஜெபிச்சா ஓடிப்போகும்" என்பார் அடுத்தவர். ஆளுக்கொரு டம்ளர் காபி குடித்துவிட்டு இருவரும் கிளம்பிப் போவார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காரர் வேதத்தைத் திறந்தால் எபிரெயர் 12 கண்ணில் படும்: "கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனை அவர் சிட்சித்து..." ஆறுதலும் பயமும் ஒன்றாகவே வரும். அன்பு இருக்கிறது என்பதற்கு அடிதான் அடையாளமா? அப்படியானால் அடிக்கிறவரிடமே ஓடிப்போய் எப்படி ஒட்டிக்கொள்வது?

இந்தப் பயத்தில் பாதி, 'சிட்சை' என்ற சொல் நம் காதில் விழும் விதத்தால் வருவது. சிட்சை என்பது 'சிக்ஷா' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. இந்தியில் 'சிக்ஷா' என்றால் இன்றைக்கும் கல்விதான். தெற்கே வந்தபோது தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் அது தண்டனை என்ற பொருளில் நிலைத்துவிட்டது. தமிழிலும் அப்படித்தான். ஆனால் தமிழ் பழைய பொருளை முழுவதும் தொலைத்துவிடவில்லை. சங்கீதக்காரர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில் "இன்னாரிடம் சிட்சை பெற்றார்" என்று எழுதுவார்கள். அதைப் படிக்கும்போது குரு பிரம்பெடுத்தாரா என்று யாரும் யோசிப்பதில்லை. விடிகாலையில் எழுப்பிவிட்டு, ஒரே வரிசையை நூறு தடவை பாடவைத்து, சுருதி விலகினால் நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவைத்தார் என்று புரிந்துகொள்கிறோம். எபிரெயர் நிருபத்தின் கிரேக்க மூலத்தில் இந்த இடத்தில் இருக்கும் 'பைடெயா' என்ற சொல்லும் அதே சாயல் உள்ளதுதான். பிள்ளை என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ஒரு பிள்ளையை ஆளாக்குவதற்குத் தேவையான படிப்பு, பயிற்சி, கண்டிப்பு எல்லாம் அதற்குள் அடங்கும்.

அதற்காக 6ஆம் வசனத்தை மழுப்பிவிடவும் கூடாது. அந்த வசனம் நீதிமொழிகள் 3:12இலிருந்து எடுத்தது. நீதிமொழிகளில் அது, தகப்பன் தான் நேசிக்கிற புத்திரனைச் சிட்சிக்கிறதுபோல என்று இருக்கிறது. எபிரெயரிலோ, "தாம் சேர்த்துக்கொள்ளுகிற எந்த மகனையும் தண்டிக்கிறார்" என்று வருகிறது. கிரேக்கத்தில் அந்த வினைச்சொல் சவுக்கடியைக் குறிப்பது. வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பழைய எபிரெய எழுத்தில் உயிர்க்குறிகள் கிடையாது. கஃப், ஆலெப், பேத் என்ற மூன்று எழுத்துகளை ஒரு விதமாக வாசித்தால் 'தகப்பனைப்போல'. இன்னொரு விதமாக வாசித்தால் நோவைக் குறிக்கும் சொல். கிரேக்கத்துக்கு மொழிபெயர்த்தவர்கள் இரண்டாவது வாசிப்பைப் பிடித்துக்கொண்டார்கள். எபிரெயர் நிருபக்காரர் அந்தக் கிரேக்க வேதத்திலிருந்துதான் மேற்கோள் காட்டுகிறார். தகப்பன், நோவு என்ற இரண்டும் ஒரே மூன்றெழுத்துக்குள் ஒளிந்திருப்பதை நான் தற்செயலாக மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. வலி நிஜம். அது எந்தக் கையிலிருந்து வருகிறது என்பதைத்தான் அந்த அதிகாரம் முழுக்கப் பேசுகிறது.

யாருக்கு எழுதினார் என்பதை மறந்துவிட்டு இந்த அதிகாரத்தை வாசிப்பதால்தான் பெரும்பாலான குழப்பம் வருகிறது. பத்தாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். இந்த விசுவாசிகள் ஊர் நடுவே நிந்தைப்பட்டவர்கள். சிறையில் இருந்தவர்களுக்காகப் பரிதபித்தவர்கள். தங்கள் ஆஸ்திகளைச் சந்தோஷமாய்க் கொள்ளையிடக் கொடுத்தவர்கள். பல வருஷம் கழித்து இப்போது தளர்ந்திருக்கிறார்கள், சிலர் சபை கூடிவருதலையே விட்டுவிட்டார்கள். இவர்களைப் பார்த்துத்தான் சிட்சை என்கிறார். வீட்டைக் கொள்ளையடித்தது தேவன் இல்லை, பகைத்த மனுஷர்கள். அவர்கள் செய்தது அநியாயம், அநியாயமாகவே நிற்கிறது. ஆனாலும் அந்த அநியாயத்துக்கு நடுவே தகப்பன் தம் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கிறார் என்கிறார் நிருபக்காரர். 'நீங்கள் இன்ன பாவம் செய்தீர்கள், அதனால் கொள்ளைபோனது' என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

இன்னும் அழுத்தமான ஆதாரம் அதே நிருபத்தின் 5:8இல் இருக்கிறது. "அவர் குமாரனாயிருந்தும் பட்டபாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டு" என்று இயேசுவைப் பற்றியே சொல்லியிருக்கிறது. பாவமே இல்லாதவர் பாடுபட்டுக் கற்றுக்கொண்டார் என்றால், பாடு என்பது எப்போதும் பாவத்துக்கான பில் இல்லை என்று ஆகிவிடுகிறது. கிரேக்கத்தில் 'பட்டார்', 'கற்றார்' என்ற இரண்டு சொற்களும் எதுகைபோல ஒலிக்கும்: எபாதென், எமாதென். நமக்கு அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். 'பட்டறிவு' என்று ஒரே சொல்லாகவே நம் மொழியில் இருக்கிறது.

ஆகவே சிட்சையின் காலத்தில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி "எந்தப் பாவத்துக்காக?" என்பதில்லை. "இதற்குள் எனக்கு என்ன பழகிக்கொடுக்கப்படுகிறது?" என்பதே. 12ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனத்தில் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. எந்தச் சிட்சையும் தற்காலத்தில் துக்கமாய்க் காணும், பிற்காலத்தில் "அதில் பழகினவர்களுக்கு" அது நீதியாகிய சமாதான பலனைத் தரும். கிரேக்கத்தில் இது உடற்பயிற்சிக் கூடத்துச் சொல். 'ஜிம்' என்று நாம் சொல்வதும் அந்த வேரிலிருந்து வந்ததுதான். பாடுபட்ட எல்லாருக்கும் பலன் தானாக வரும் என்று வசனம் சொல்லவில்லை. பாடு பலரைக் கசப்பாக்கியும் இருக்கிறது. அதற்குள் பழகினவர்களுக்கு என்று கோடு போட்டுச் சொல்கிறது.

பழகுவதற்கு முன்னால் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. 5ஆம் வசனம் இரண்டையும் பெயர் சொல்லியே காட்டுகிறது: அற்பமாக எண்ணாதே, சோர்ந்துபோகாதே.

அற்பமாக எண்ணுவது என்றால் ஆணவமாகத் திமிருவது மட்டும் இல்லை. நம் சபைகளில் அது பெரும்பாலும் பக்தி வேஷத்தில்தான் வருகிறது. அடக்க ஆராதனை முடிந்த மூன்றாம் நாளே "ஆண்டவர் ஜெயம் தந்தார்" என்று சாட்சி சொல்லவைப்பது அதில் ஒன்று. புதுவருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை நெஞ்சில் பிடித்துக்கொண்டு, நடந்ததை நடக்காததுபோலப் பேசுவது இன்னொன்று. வலியைப் பார்க்க மறுப்பவர் அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது. இப்படி மூடிவைத்தது ஒரு வருஷம் கழித்து, ஒரு சின்ன விஷயத்துக்கு வெடிக்கும். சபைக் கூட்டத்தில் நாற்காலி வரிசைக்காகச் சண்டை போடுகிறவரைப் பார்த்து, "இவருக்கு என்ன ஆச்சு?" என்பார்கள். சண்டைக்குக் காரணம் நாற்காலி இல்லை, போன வருஷம் அழாமல் விட்ட அழுகை.

சோர்ந்துபோவது வேறு மாதிரி. அது படிப்படியாக நடக்கும், வரிசையும் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான். முதலில் தனிஜெபம் நிற்கும், ஆனால் ஆலயத்துக்குப் போவது தொடரும். பிறகு பிந்திப்போய் முந்தி எழுந்து வருவது, யாரோடும் பேசாமல் வருவது. பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைவலி. கடைசியில்தான் விசுவாசத்தைப் பற்றிய கேள்விகள் வாயில் வரும். வெளியே இருப்பவர்கள் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் விழித்துக்கொண்டு, கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஓடிவருகிறார்கள். ஓட்டை முதல் கட்டத்திலேயே விழுந்துவிட்டது. அங்கேதான் அடைக்கவேண்டும்.

இரண்டு பள்ளத்திலும் விழாமல் ஒருவர் நடந்துபோனதைப் பார்க்க, 1812ஆம் வருஷத்துச் சேராம்பூருக்குப் போகலாம். கல்கத்தாவுக்கு மேலே, ஹூக்ளி ஆற்றங்கரையில், டேனிஷ்காரர் குடியேற்றமாக வளர்ந்த ஊர். வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகிய ஆங்கிலேய மிஷனரிகள் மூவரும் வேதத்தை மொழிபெயர்த்து அச்சிட அங்கே அச்சுக்கூடம் நடத்தினார்கள். மார்ச் 11ஆம் தேதி சாயங்காலம் அச்சுக்கூடத்தில் தீப்பிடித்தது. வார்டு கதவு ஜன்னல்களை அடைக்கச்சொல்லி, காற்றில்லாமல் தீயை அமுக்கப் பார்த்தார். நடுவில் யாரோ ஒரு ஜன்னலைத் திறந்துவிட, தீ பாய்ந்து எழுந்தது. நடுராத்திரி வாக்கில் கூரை உள்ளே விழுந்தது. கேரி அன்று கல்கத்தாவில் இருந்தார். மறுநாள் காலையில் மார்ஷ்மன் போய்ச் செய்தி சொன்னார்.

எரிந்தது இயந்திரமும் காகிதமும் மட்டும் என்றால் பணத்தோடு போயிற்று என்று விடலாம். கேரி வருஷக்கணக்கில் தொகுத்த, பல இந்திய மொழிச் சொற்களை ஒப்பிட்டுக் காட்டும் அகராதியின் கையெழுத்துப்படி போனது. தெலுங்கு இலக்கணத்தின் கையெழுத்துப்படி போனது. கிழக்கத்திய மொழிகள் பதினான்கின் அச்செழுத்துகள் உருகிப்போயின. தமிழ் எழுத்தும் அவற்றில் ஒன்று.

கேரி அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது இங்கிலாந்துக்கு அவர் எழுதிய கடிதங்களில் இருக்கிறது. கர்த்தர் எங்களை அடித்தார், அதற்கு அவருக்கு உரிமை உண்டு, அவருடைய திருத்தம் எங்களுக்குத் தகும், இதற்கு என்னிடத்தில் ஏதாவது காரணம் உண்டா என்று கடுமையாக என்னை ஆராய்ந்து பார்க்க விரும்புகிறேன் என்ற கருத்தில் எழுதினார். அடுத்த ஞாயிறு ஆராதனையில் 46ஆம் சங்கீதத்திலிருந்து, "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்ற வசனத்தைப் பிரசங்கித்தார். நம்மை எப்படி நடத்தவும் தேவனுக்கு உரிமை உண்டு, அதற்கு இணங்குவது நம் கடமை என்று இரண்டே தலைப்பு. இதுவரை எல்லாரும் சொல்லும் கதைதான்.

இதோடு அவர் சொன்ன இன்னொன்றும் இருக்கிறது. ஒருமுறை நடந்த வழியில் இரண்டாம் முறை நடப்பது சுலபம், அதனால் வேலையின் மதிப்பில் ஒன்றும் குறையாது என்று நம்புவதாக எழுதினார். அதாவது, அடி வாங்கியதை ஒத்துக்கொண்ட அதே மூச்சில், நாளைக்கு எந்தப் பக்கத்தைத் திரும்ப மொழிபெயர்ப்பது என்று கணக்குப் போடுகிறார். இதைத்தான் நான் பழக்கம் என்கிறேன்.

சாம்பலில் வேறொன்றும் கிடந்தது. அந்தக் காலத்து அச்செழுத்துக்கு மூன்று படி. முதலில் எஃகுத் துண்டின் நுனியில் எழுத்தை இடவலமாகச் செதுக்குவார்கள், அது முத்திரை உளி. அந்த உளியைச் செம்பில் அடித்தால் அச்சுக்குழி. குழியில் காரீயக் கலவையை உருக்கி ஊற்றினால் எழுத்து. காரீயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். எஃகு உருக அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல் சூடு வேண்டும். அதனால் எழுத்தெல்லாம் உருகிக் கட்டியாகிப்போன கட்டிடத்தில், உளிகளும் குழிகளும் பிழைத்துக் கிடந்தன. கேரி கல்கத்தாவிலிருந்து வந்து சேர்வதற்குள் வார்டு ஆட்களை வைத்து அவற்றைப் பொறுக்கத் தொடங்கியிருந்தார். பக்கத்து அறையில் இருந்த ஐந்து அச்சு இயந்திரங்களும் தப்பியிருந்தன. அதே உருகின காரீயத்தை எடுத்து, அதே குழிகளில் திரும்ப ஊற்றினார்கள். சில மாதத்துக்குள் பல மொழிகளில் அச்சு ஓடியது. ஆனால் அந்தப் பல மொழி அகராதி பிறகு வெளிவரவே இல்லை. எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது என்று இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

கேரி 1793 நவம்பரில் கல்கத்தாவில் இறங்கினார். அவர்கள் ஊழியத்தின் முதல் இந்திய விசுவாசியான கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் 28ஆம் தேதி. நடுவில் ஏழு வருஷம். தீப்பிடித்த அன்று அவர் காட்டிய நிதானம் அன்றைக்கு முளைத்ததில்லை, அந்த ஏழு வருஷத்தில் பழகியது. தன்னிடம் இருக்கும் ஒரே திறமை விடாமல் ஊர்ந்துபோவதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயம் ஆகாது. கேரியின் மனைவி டாரதி கப்பலேற விருப்பமில்லாமல் வந்தவர். 1794இல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். அதற்குப் பிறகு அவர் மனம் உடைந்தது. 1807இல் இறக்கும்வரை பன்னிரண்டு வருஷம் அவர் தெளியவில்லை. "ஆண்டவர் கேரியை உருவாக்க மனைவியின் நோயைப் பயன்படுத்தினார்" என்று மேடையில் சொல்லக் கேட்டால் எனக்கு மனசு ஆறுவதில்லை. டாரதியும் தேவனுடைய பிள்ளை. அவர் பட்ட பாடு இன்னொருவருக்கான பாடப்புத்தகம் இல்லை. தன் வலியிலிருந்து தான் கற்கலாம். பக்கத்தில் இருப்பவரின் வலியைத் தன் பாடமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே செய்யவேண்டியது பராமரிப்பு மட்டும்தான்.

சரி, பழகுவது என்றால் தினசரி வாழ்க்கையில் எப்படி? அடி விழுந்த முதல் வாரத்தில் எந்த அர்த்தமும் தேடவேண்டாம். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் ராப்பகலாக ஒரு வார்த்தையும் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்தபிறகுதான் எல்லாம் கெட்டது. அந்த ஏழு நாளைக்குத் தேவை சாப்பாடும் தூக்கமும். 1 இராஜாக்கள் 19இல் எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாகவேண்டும் என்று கேட்டபோது, தூதன் முதலில் கொடுத்தது உபதேசம் இல்லை, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டுத் திரும்பத் தூங்கினான். தூதன் இரண்டாம் தரம் எழுப்பித் திரும்பச் சாப்பிடவைத்தான். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி அதற்கு நாற்பது நாள் கழித்து ஓரேபில்தான் வந்தது. தூக்கமே வராமல் இரண்டு மூன்று வாரம் போனால், சாப்பாடு இறங்காவிட்டால், சாகவேண்டும் என்ற நினைப்பு வந்தால், உடனே மருத்துவரிடம் போகவேண்டும். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் மருந்து சொன்னார். மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு என்கிறவர் அந்த வசனத்தைத் தாண்டித்தான் போகவேண்டும்.

இரண்டாம் வாரத்திலிருந்து, முறையிடப் பழகவேண்டும். இதற்கு 13ஆம் சங்கீதம் போதும், ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறான் தாவீது. அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில் நம்பிக்கை. ஒரு நாளைக்கு ஒருதரம் சத்தமாக வாசித்து, ஒவ்வொரு "எதுவரைக்கும்" வரும்போதும் உங்கள் விஷயத்தை அதே இடத்தில் பெயர் சொல்லி வைக்கவேண்டும்: இந்தக் கடன், இந்தக் கட்டி, இந்த மகன். பலர் செய்யும் தவறு, ஐந்தாம் வசனத்துக்கு நேராகத் தாவுவது. அங்கே போவதற்கு முன் நான்கு வசனம் இருக்கிறது, அவற்றைத் தாண்டக் கூடாது. கடைசி இரண்டு வசனம் வாயில் வராத நாளும் வரும். அன்றைக்கு 88ஆம் சங்கீதம். அது விடியாமலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

முறையிடுவதும் சிட்சையை ஏற்பதும் ஒன்றுக்கொன்று விரோதம் என்று சிலர் நினைக்கிறார்கள். பவுல் தன் முள் நீங்கவேண்டும் என்று மூன்றுதரம் கேட்டார். கெத்செமனேயில் ஆண்டவரும் அப்படியே. நீக்கும்படி கேட்பது பிள்ளையின் உரிமை. பதில் 'இல்லை' என்று வந்தபிறகும் வீட்டைவிட்டுப் போகாமல் இருப்பதற்குப் பெயர்தான் ஏற்றுக்கொள்வது.

இதற்குப் பிறகுதான் தன்னை ஆராய்வது. 139ஆம் சங்கீதத்தின் கடைசி இரண்டு வசனத்தை வைத்து, அரைமணி நேரம், ஒரு நோட்டும் பேனாவும், மூன்று நாள். அவ்வளவுதான், மாதக்கணக்கில் இல்லை. ஆவியானவர் உணர்த்துவதற்கும் குற்றச்சாட்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கவேண்டும். அவர் உணர்த்துவது குறிப்பாக இருக்கும்: தம்பிக்குச் சேரவேண்டிய பங்கு, அலுவலகத்தில் போட்ட அந்தப் பொய் பில், அந்த நாளில் மனைவியிடம் சொன்ன அந்தச் சொல். செய்யவேண்டியதும் கூடவே தெரியும். லேவியராகமம் 6 சொல்வதுபோல முதலையும் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கலாம், நேரில் போய் மன்னிப்புக் கேட்கலாம். குற்றச்சாட்டு அப்படி இல்லை, மேகம் மாதிரி பொதுவாக இருக்கும்: நீ உருப்படமாட்டாய், உன் ஜெபம் கேட்கப்படாது, உன் குடும்பமே சாபம். அதில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது, நடுங்குவதற்கு மட்டும்தான் இருக்கும். குறிப்பாக ஏதாவது தெரிந்தால் அந்த வாரத்திலேயே செய்து முடியுங்கள். மூன்று நாளில் ஒன்றும் தெரியவில்லை என்றால் தோண்டுவதை நிறுத்திவிடுங்கள். பிறவிக்குருடனைக் காட்டி "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று ஆண்டவர் அந்தக் கேள்வியையே மூடிவிட்டார்.

பிறகு வருவது நீண்ட பகுதி. எபிரெயர் 12:1இல் 'பாரமான யாவற்றையும்', 'பாவத்தையும்' என்று இரண்டைத் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறது. பாவம் இல்லாமலேயே பாரமாக இருக்கும் விஷயங்கள் உண்டு. ஓடுகிறவன் வேஷ்டியை மடித்துக்கட்டுவது வேஷ்டி கெட்டது என்பதற்காக இல்லை. நெருக்கடியான ஒரு வருஷத்தில் பாடகர் குழு, வாலிபர் சங்கம், ஓய்வுநாள் பள்ளி என்று மூன்று பொறுப்பில் இருப்பவர் இரண்டை விட்டுவிடலாம். ராத்திரி பதினொரு மணிக்குப் பிறகு போன் வேறு அறையில் இருக்கலாம். 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்று கடன் வாங்கிச் செய்யும் விருந்தைச் சின்னதாக்கலாம்.

ஜெபமும் வேத வாசிப்பும் சின்ன அளவில், தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். காலையில் ஒரு சங்கீதம், பதினைந்து நிமிஷம். உபத்திரவம் வந்தவுடன் நாற்பது நாள் உபவாசம், ராமுழுக்க ஜெபம் என்று உறுதிமொழி எடுப்பதுதான் நான் பார்த்தவரை அதிகம் உடையும் இடம். ஐந்தாம் நாள் உடல் ஒத்துழைக்காது. உடைந்தவுடன் குற்றவுணர்வு வந்து, பதினைந்து நிமிஷமும் சேர்ந்து போய்விடும். தவறிப்போன நாளை ஈடுகட்டவும் முயலவேண்டாம். நேற்றையதைச் சேர்த்து இன்று அரைமணி என்று கணக்கு வைத்தால் அது கடன்சுமை ஆகிவிடும். இன்றைக்குப் பதினைந்து நிமிஷம், அவ்வளவே.

வாரத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு ஆளோடு உட்கார்ந்து, "இந்த வாரம் எங்கே கசந்தது?" என்று பேசவேண்டும். எபிரெயர் 12இன் 15ஆம் வசனம் கசப்பான வேரைப் பற்றி எச்சரிக்கிறது. வேர் வெளியே தெரியாது, அடையாளங்கள் மட்டும் தெரியும். மற்றவருக்கு நல்லது நடந்த செய்தி கேட்டால் வாய் வறண்டுபோவது ஒன்று. ஒரே சம்பவத்தை ஒவ்வொரு தடவையும் புதிதாக நடந்ததுபோலச் சொல்வது இன்னொன்று. நம்மைக் காயப்படுத்தினவரின் பெயரை ஜெபத்தில் எடுக்க முடியாமல் போவது மூன்றாவது. இவற்றைத் தனியாக இருக்கும்போது நாமே கண்டுபிடிப்பது கடினம். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குச் சீக்கிரம் தெரியும்.

ஒரு எச்சரிக்கை, இதில் நான் எந்தத் தளர்வும் தரமாட்டேன். தேவனுடைய சிட்சை என்ற வார்த்தையை எந்த மனுஷனும் தன் கைக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. மனைவியை அடிக்கிற கணவன், அடிபடுகிறவளைப் பார்த்து "சகிச்சுக்கோம்மா, ஆண்டவர் உன்னைப் புடமிடுறார்" என்கிற பெரியவர், கேள்வி கேட்ட விசுவாசியை மேடையிலிருந்து அவமானப்படுத்தும் போதகர், இவர்களில் ஒருவருக்கும் 12ஆம் அதிகாரத்தில் இடமில்லை. 10ஆம் வசனமே மனுஷத் தகப்பன்மாரைத் தனியாகப் பிரித்து வைக்கிறது: அவர்கள் தங்களுக்கு நலமென்று தோன்றினபடி செய்தார்கள், அவரோ நம்முடைய பிரயோஜனத்துக்காகவே செய்கிறார். தோன்றினபடி என்பதற்குள் எத்தனை வீடுகளின் அழுகை இருக்கிறது! அடிபடுகிற இடத்தைவிட்டு வெளியேறுவது சிட்சையை விட்டு ஓடுவது ஆகாது. பவுலே தமஸ்கு மதிலிலிருந்து கூடையில் இறங்கித் தப்பினார். குடிகாரத் தகப்பனிடம் அடி வாங்கி வளர்ந்தவருக்கு 'பிதாவின் சிட்சை' என்றாலே உடம்பு நடுங்கும். அவரிடம் இந்த அதிகாரத்தை ஆரம்பத்திலேயே திறக்கவேண்டாம். இளையகுமாரன் தூரத்தில் வரும்போதே ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்ட தகப்பனிடமிருந்து தொடங்கலாம். அவசரம் இல்லை.

கடைசியாக அதே அதிகாரத்தின் 12, 13ஆம் வசனங்கள். "நெகிழ்ந்த கைகளையும் தளர்ந்த முழங்கால்களையும்" நிமிர்த்தச் சொல்லிவிட்டு, முடமாயிருக்கிறது பிசகிப்போகாமல் சொஸ்தமாகும்படி பாதைகளைச் செவ்வைப்படுத்தச் சொல்கிறார். கால் முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்தவரைக் கவனித்தவர்களுக்கு இது புரியும். கட்டைப் பிரித்ததும் தொடை மெலிந்திருக்கும், முழங்கால் மடங்காது. பிஸியோதெரபிஸ்ட் முதல் நாள் கொடுப்பது, படுத்தபடியே முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்திச் சில விநாடி பிடித்து விடுவது. பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். அதைத்தான் ஒரு நாளைக்குப் பலமுறை செய்யவேண்டும். அதைவிட்டு முதல் வாரமே மாடிப்படி ஏறினால் வீங்கிப்போகும். வலிக்கிறது என்று அசைக்காமலே வைத்திருந்தால் மூட்டு அப்படியே இறுகிவிடும்.

அந்த வசனத்தில் ஏவல்கள் எல்லாம் பன்மையில் இருக்கின்றன. முழங்கால் ஒருவருடையது, கல்லைப் பொறுக்கிப் பாதையைச் சீர்செய்வது எல்லாருடைய வேலை. ஆகவே அந்த வீட்டுக்கு அடுத்த தடவை போகும்போது விளக்கம் ஒன்றும் எடுத்துப்போகவேண்டாம். ஒரு தூக்கில் ரசமும் சோறும், மின்சாரக் கட்டணம் கட்டும் தேதி என்னவென்ற ஒரு விசாரிப்பு, புதன்கிழமை பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிவருவது என்ற ஏற்பாடு. பத்து நிமிஷம் உட்கார்ந்து, 13ஆம் சங்கீதத்தை அவர்களோடு சேர்ந்து வாசித்துவிட்டு எழுந்து வரலாம். மறுபடி அடுத்த வாரம், அதே நாளில்.